தாத்தா எழுதிய புத்தகம் அமெரிக்காவில் பூட்டிக் கிடக்கிறது, எப்படிப் படிப்பது?

காங்கேயம்காளை:
எல்லோருக்கும் வணக்கம். இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். இது முதல் பதிவு, கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பாவின் அப்பா தாராபுரம் பக்கம் மாட்டு வைத்தியர். 1936-இல் ஒரு மாட்டு வாகடம் எழுதித் தன் சொந்தக் காசில் அச்சுப் போட்டிருக்கிறார். பாதி பாட்டு, பாதி வசனம், கோமாரி, அடைப்பான், வயிற்று உப்புசம் என்று எல்லாவற்றுக்கும் மருந்து எழுதியிருந்தாராம். 1961-இல் இறந்துவிட்டார். வீட்டில் இருந்த பிரதியை நான் பிறப்பதற்கு முன்பே கரையான் தின்றுவிட்டது. அப்பாவுக்கு இப்போது 81 வயது, அவருக்கு நாலு வரி மட்டும் நினைவிருக்கிறது, அதையும் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி சொல்கிறார்.

இரண்டு வருடமாகத் தேடுகிறேன். ஊர் நூலகம், மாவட்ட நூலகம், பழைய புத்தகக் கடைகள், டெலிகிராம் குழுக்கள் எல்லாம் ஆச்சு. டெலிகிராமில் ஒருவர் 500 ரூபாய் வாங்கிக்கொண்டு வேறு ஏதோ ஒரு வாகடத்தின் பிடிஎஃப்பை அனுப்பினார், அதிலும் பாதிப் பக்கத்தில் கட்டைவிரல். போன மாதம் ஒரு வழியாக அமெரிக்க மின்னூலகம் ஒன்றில் தாத்தாவின் பெயரையே பார்த்தேன். கை நடுங்கியது, சும்மா சொல்லவில்லை. அழுத்தினால், 'பதிப்புரிமை காரணமாக முழுப் பார்வை இல்லை'. அட்டையைக்கூடக் காட்டவில்லை.

யாருடைய பதிப்புரிமை? அவருக்கு வாரிசே நாங்கள்தானே! யாராவது விளக்கினால் புண்ணியம்.

புதுஆள்22:
அண்ணே, இதற்கெல்லாம் நிழல் நூலகங்கள் (உரிமை பார்க்காமல் புத்தகத்தை இலவசமாகத் தரும் தளங்கள்) இருக்கின்றன, முகவரி தனிமடலில் அனுப்பவா?

மட்டுறுத்துநர்:
இங்கே அந்த முகவரிகள் வேண்டாம், தனிமடல் விளம்பரமும் வேண்டாம். மற்றதைப் பேசுங்கள்.

பழையதாள்:
புதுஆள் தம்பி, சட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டே சொல்கிறேன், அங்கே போனாலும் இது கிடைக்காது. ஆங்கிலப் பாடநூல், ஆய்விதழ் கிடைக்கும். தாராபுரத்துக்காரர் சொந்தக் காசில் போட்ட நாலணாப் புத்தகத்தை யார் மெனக்கெட்டு அங்கே ஏற்றுவார்கள்? தமிழில் பழைய புத்தகம் தேடுபவருக்கு முதல் பிரச்சினை பணம் இல்லை, பூட்டும் இல்லை. இருக்கிறதா என்பதே தெரியாது.

காங்கேயம் தம்பி, நான் முப்பது வருடம் நூலக அட்டவணை வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்களுக்கு ஏன் இரண்டு வருடம் ஆனது என்று என்னால் சொல்ல முடியும். நீங்கள் 'வாகடம்' என்பதை ஆங்கில எழுத்தில் 'ஜி' போட்டுத் தேடியிருப்பீர்கள். அமெரிக்க, ஐரோப்பிய நூலகங்களில் ஒலியைப் பார்ப்பதில்லை, எழுத்தைப் பார்க்கிறார்கள். க எங்கே வந்தாலும் 'கே'தான். நெடிலுக்கு மேலே ஒரு கோடு, ட-வுக்குக் கீழே புள்ளி. ழ-வுக்கு நாம் 'இசட் எச்' போடுகிறோம், அவர்கள் எல் எழுத்தின் கீழே கோடு போடுகிறார்கள். முறை தெரிந்தால் மிகத் துல்லியமானது. தெரியாதவனுக்குச் சுவர். புள்ளி, கோடுகளை விட்டுவிட்டு வெறும் எழுத்தில் தேடினாலும் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும், ஆனால் க-வுக்கு 'கே' போட வேண்டும் என்று யார் சொல்லித் தந்தார்கள்?

நம் ஊர்ப் பக்கம் வேறு கூத்து. இந்திய மின் நூலகம் (டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா) என்று ஒன்று இருந்தது, லட்சக்கணக்கில் ஸ்கேன் செய்தார்கள், பக்கம் பக்கமாக டிஃப் படமாகத் திறக்கும், அதை ஒன்றாகச் சேர்க்க ஆட்கள் தனியாக நிரல் எழுதி வைத்திருந்தார்கள். தலைப்பை ஒவ்வொருவரும் தம் வாய்க்கு வந்தபடி ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டியிருந்தார்கள். ஆசிரியர் இருக்க வேண்டிய இடத்தில் பதிப்பகம், ஆண்டு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பூஜ்யம். அந்தத் தளம் போய்விட்டாலும் பெரும்பகுதி இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் இருக்கிறது, அந்தப் பெயர்களோடேதான். அதனால் அங்கே ஒரே சொல்லை ஏழெட்டு விதமாக எழுதித் தேடுங்கள். 'வைத்தியம்' ஒன்றையே 'வைத்ய', 'வைதிய', 'வய்த்திய' என்று எத்தனை விதமாகப் பார்த்திருக்கிறேன் தெரியுமா.

யாழ்தேவி_பயணி:
பழையதாள் ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு. நான் யாழ்ப்பாணம், இப்ப ரொறன்ரோ. எங்கள் பக்கம் தேடுகிற ஆட்களுக்கு 'நூலகம்' என்ற இணையத்தளம் இருக்கிறது, 2005-இலிருந்து ஆவணப்படுத்துகிறார்கள், கோயில் மலர், பள்ளிக்கூட மலர், கல்வெட்டு (செத்தவீட்டுப் புத்தகத்தைத்தான் நாங்கள் கல்வெட்டு என்போம்) எல்லாம் இருக்கும். 81-இல் யாழ் நூலகத்தை எரித்தபோது 97,000 வரையான புத்தகங்கள் போனது என்பார்கள். சிலதுக்கு வேறு பிரதியே கிடையாது. அதற்குப் பிறகு எங்களுக்கு 'ஒரு பிரதி பத்திரமாக எங்கேயோ இருக்கும்' என்ற எண்ணமே வாறதில்லை.

தம்பிக்கு ஒன்று: இறந்தவரின் கல்வெட்டு மாதிரி உங்கள் ஊரில் நினைவு மலர் ஏதும் இருந்தால் பாருங்கோ. அதில் புத்தகத்தின் சரியான தலைப்பு இருக்கலாம். சரியான தலைப்பு தெரியாமல் தேடுவது கிணற்றில் விழுந்த மோதிரம் தேடுகிற கதை.

பாரம்_பதினாறு:
நான் சின்னப் பதிப்பகம் நடத்துகிறவன், 300 பிரதி போட்டு விற்க ஆறு மாதம் ஆகிற ஆள், அதனால் இந்த இழையைப் பார்த்ததும் முதலில் சண்டைக்குத்தான் வந்தேன். நாங்கள் ஜனவரி கண்காட்சிக்குப் புத்தகம் கொண்டு வந்தால் பொங்கல் முடிவதற்குள் டெலிகிராமில் பிடிஎஃப் வந்துவிடுகிறது. 'அறிவு எல்லோருக்கும் பொது' என்று கீழே ஒரு வரி வேறு. பொதுதான், ஆனால் அச்சகத்துக்காரர் என்னிடம்தானே பணம் கேட்கிறார்?

ஆனால் இந்த விஷயம் வேறு. இது யார் வயிற்றிலும் அடிக்கவில்லை. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து, அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 வருடம். 1961 என்றால் 2021 முடிவோடு தீர்ந்தது. 2022 ஜனவரி 1 முதல் உங்கள் தாத்தா புத்தகம் ஊர்ச்சொத்து, யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், நானே அச்சடிக்கலாம், பிரதி மட்டும் கிடைத்தால்.

புதுஆள்22:
அப்புறம் ஏன் அமெரிக்காவில் பூட்டியிருக்கிறது?

ஹூஸ்டன்_இட்லி:
அதற்கு நான் பதில் சொல்கிறேன், என் மனைவி இங்கே பல்கலைக்கழக நூலகத்தில் வேலை, சாப்பாட்டு மேசையில் வேறு பேச்சே கிடையாது. அமெரிக்காவில் அந்தக் காலப் புத்தகங்களுக்கு ஆசிரியர் இறந்த கணக்கு இல்லை, வெளிவந்த ஆண்டிலிருந்து 95 வருடம். 1936-ஐக் கூட்டினால் 2031 கடைசி. 2032 ஜனவரி 1 அன்று தானாகத் திறக்கும்.

வெளிநாட்டுப் புத்தகத்துக்கு அமெரிக்கா ஏன் காவல் காக்கிறது என்று கேட்பீர்கள். 1996-இல் ஒரு கணக்கு வைத்தார்கள்: அந்த வருடம் ஜனவரி 1 அன்று சொந்த நாட்டில் உரிமை உயிரோடு இருந்தால் இங்கேயும் உயிர் உண்டு. உங்கள் தாத்தா 61-இல் இறந்ததால் 96-இல் இந்தியாவில் உரிமை இருந்தது. அதனால் இங்கேயும் ஒட்டிக்கொண்டது. அங்கே தீர்ந்த பிறகும் இங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. கேலிக்கூத்துதான், ஆனால் அந்த நூலகம் தானாக எடுத்த முடிவு இல்லை. தவறாகத் திறந்தால் வழக்கு வரும். இன்டர்நெட் ஆர்க்கைவ் மீது பெரிய பதிப்பகங்கள் 2020-இல் தொடுத்த வழக்கு, 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டிலும் ஆர்க்கைவ் தோற்றது. அது இரவல் கொடுத்த விவகாரம், உங்கள் விஷயம் இல்லை, ஆனால் பயம் எல்லா நூலகத்துக்கும் இருக்கிறது.

காங்கேயம்காளை:
2032-இல் அப்பாவுக்கு 88 ஆகியிருக்கும்.

செவிவாசகன்:
இடையில் புகுந்து ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். நான் பார்வையற்றவன், திரைவாசிப்பான் வழியாகத்தான் இந்த இழையையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்கள் எல்லாம் ஸ்கேன் கிடைத்தவுடன் 'கிடைத்துவிட்டது' என்கிறீர்கள். எனக்கு அங்கேதான் வேலை தொடங்குகிறது. ஸ்கேன் பிடிஎஃப் என்றால் என் காதில் 'படம், படம், படம்' என்றுதான் விழும். 64 பக்கத்துக்கு 64 'படம்'.

சட்டத்தில் எங்களுக்குக் குறை இல்லை. 2012 திருத்தத்தில் மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவத்துக்கு மாற்ற உரிமையாளரின் அனுமதியே வேண்டாம் என்று போட்டுவிட்டார்கள், பிரிவு 52-இல் இருக்கிறது. பார்வையற்றோருக்குப் புத்தகம் எளிதாகக் கிடைக்கச் செய்யும் மராகேஷ் ஒப்பந்தத்தை 2014-இல் உலகத்திலேயே முதலில் ஏற்றுக்கொண்ட நாடு இந்தியா. மேடையில் பேச நன்றாக இருக்கும். ஆனால் தமிழ்ப் புத்தகத்தை யார் உட்கார்ந்து எழுத்தாக்குவது? 98 பொங்கலில் தொடங்கிய, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம்தான் இன்றும் எனக்குப் பெரிய துணை, ஏனென்றால் அது தட்டச்சு செய்த எழுத்து, படம் இல்லை. ஆயிரக்கணக்கில் ஸ்கேன் வைத்திருக்கும் பெரிய தளங்களைவிட அந்தச் சில நூறு கோப்புகள் எனக்கு மேல்.

இன்னொரு தொல்லை: பழைய மின்னூல்கள் சிலவற்றில் எழுத்து இருக்கும், ஆனால் யுனிகோடுக்கு முந்தைய எழுத்துரு. பாமினி, டாப், டாம், டிஸ்கி என்று ஆளுக்கொரு குறிமுறை. கண்ணுக்குத் தமிழ், திரைவாசிப்பானுக்கு ஆங்கில எழுத்துக் குப்பை. தேடினாலும் சிக்காது. அதனால்தான் கூகுளுக்கும் அவை தெரிவதில்லை, எனக்கு மட்டும் இல்லை.

பாரம்_பதினாறு:
ஐயா, இதைக் கேட்டுக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. என் பதிப்பகக் கோப்புகள் பாதி இன்னும் பழைய எழுத்துருவில்தான் இருக்கின்றன. வடிவமைப்பாளர் மாறவே மாட்டேன் என்கிறார்.

செவிவாசகன்:
அனுப்புங்கள், மாற்றித் தருகிறேன். காசு வேண்டாம், எனக்கு ஒரு பிரதி கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

பழையதாள்:
காங்கேயம் தம்பிக்கு ஒரு வழி. 1867-இல் வந்த அச்சு, புத்தகப் பதிவுச் சட்டத்தின்படி ஒவ்வொரு அச்சகமும் அச்சிட்ட புத்தகத்தின் பிரதியை அரசுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு அதைப் பட்டியல் போட்டு செயின்ட் ஜார்ஜ் கோட்டை அரசிதழோடு வெளியிட்டது. தலைப்பு, ஆசிரியர், அச்சகம், பக்கம், எத்தனை பிரதி, என்ன விலை, எல்லாம் இருக்கும். பொய்யான பதிப்புப் பெருமை பேசியவர்கள் எல்லாம் அதில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், அது வேறு கதை. 1936-இன் நாலு காலாண்டையும் பாருங்கள். லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்துக்கு இந்தியப் புத்தகங்கள் அவ்வளவு போய்ச் சேர்ந்ததில் இந்தச் சட்டத்துக்குப் பெரும் பங்கு. நாம் எதை எழுதுகிறோம் என்று கண்காணிக்க வெள்ளைக்காரன் போட்ட சட்டம், இன்று நமக்கு அதுதான் திறவுகோல்.

அமெரிக்காவுக்கு அது எப்படிப் போனது என்று யோசிக்கிறேன். 1962-க்குப் பிறகு வந்த புத்தகம் என்றால் பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவிச் சட்டம், நாம் வாங்கிய கோதுமைக்குக் கொடுத்த ரூபாயில் அவர்கள் நம் புத்தகங்களை வாங்கினார்கள். 36-ஆம் வருடத்துப் புத்தகம் அந்த வழியில் போயிருக்காது. யாரோ ஒரு பேராசிரியர் பெட்டியில் போயிருக்கும்.

சென்னையில் ரோஜா முத்தையா நூலகத்தின் அட்டவணையையும் பாருங்கள். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் வீட்டில் சேர்த்தது, அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கிச் சென்னையிலேயே வைத்தது. வைத்தியம், வாகடம், பெரிய எழுத்துக் கதை என்று மற்ற நூலகங்கள் தொடாத சரக்கு அங்கே அதிகம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் உண்டு. இரண்டிலும் 'கால்நடை' என்று தேடாதீர்கள். அந்தக் காலத்தில் மாடு மாடுதான்.

காங்கேயம்காளை:
(பதினொரு நாள் கழித்து)

ஐயா, உங்கள் காலில் விழ வேண்டும். காலாண்டுப் பட்டியலில் இருக்கிறது! 64 பக்கம், 500 பிரதி, விலை 4 அணா. நாங்கள் தேடிய தலைப்பே தப்பு. 'மாட்டு வாகடம்' இல்லை, 'கோவைத்திய' என்று ஆரம்பிக்கிறது. தாத்தா பெயருக்கு முன்னால் அப்பா பெயர் எழுத்துக்குப் பதில் ஊர் எழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பெயரை வைத்துத் தேடினேன், சென்னையில் ஒரு நூலகத்தில் பிரதி இருந்தது. நேரில் போனேன், நல்ல மனிதர்கள், ஸ்கேன் கொடுத்தார்கள். பேருந்தில் வரும்போதே கைப்பேசியில் படித்துக்கொண்டு வந்தேன், திருச்சி தாண்டியது தெரியவில்லை.

ஒரே குறை. 16-ஆம் பக்கத்துக்கு அடுத்து 33 வருகிறது. நடுவில் இல்லை. கோமாரி அதில்தான் இருக்கிறது.

பாரம்_பதினாறு:
17 முதல் 32 வரையா? அது அப்படியே இரண்டாம் பாரம். ஒரு தாளை மடித்தால் 16 பக்கம். யாரும் கிழிக்கவில்லை, கரையானும் இல்லை, தைக்கும்போதே அந்த மடிப்பை விட்டிருக்கிறான். இன்றைக்கும் என் பைண்டர் செய்கிற வேலைதான். நல்ல சேதி என்னவென்றால் 500 பிரதியிலும் விட்டிருக்க மாட்டான். அமெரிக்கப் பிரதியில் இருக்கும்.

புதுஆள்22:
மறுபடியும் அமெரிக்காவா 😀

ஹூஸ்டன்_இட்லி:
பொறுங்கள், நேற்று இரவு மனைவி ஒன்று சொன்னாள், எனக்கே தலை சுற்றியது. அமெரிக்காவில் 2031 வரை உரிமை இருக்கிறது என்றேன் அல்லவா? யாருக்கு இருக்கிறது? தாத்தாவின் வாரிசுகளுக்கு. அதாவது காங்கேயம்காளை குடும்பத்துக்கு. அந்தப் பூட்டு உங்கள் பெயரில் போட்ட பூட்டு. ஹாத்திடிரஸ்ட் மாதிரியான மின்னூலகங்களில் உரிமையாளரே 'திறந்துவிடுங்கள்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் படிவம் உண்டு. கொடுத்தால் உங்களுக்கு மட்டும் இல்லை, உலகம் முழுவதற்கும் திறக்கும். நீங்கள் பார்த்த தளத்திலும் கேளுங்கள்.

பழையதாள்:
இத்தனை வருடம் நூலகத்தில் இருந்தேன், இது எனக்குத் தோன்றவே இல்லை.

காங்கேயம்காளை:
எழுதிக் கேட்டேன். படிவம் இருக்கிறது என்று பதில் வந்துவிட்டது. ஆனால் எங்கள் பக்கம் அது அவ்வளவு லேசு இல்லை. தாத்தாவுக்கு வாரிசு என்று எண்ணினால் இப்போது ஏழு பேர். அதில் பெரியப்பா மகன் வரப்புத் தகராறில் எங்களோடு பேசி ஒன்பது வருடம் ஆகிறது. அமெரிக்கச் சட்டம், மராகேஷ், பி.எல். 480 எல்லாம் தாண்டிக் கடைசியில் எங்கள் தோட்டத்து வரப்பில் வந்து நிற்கிறது.

யாழ்தேவி_பயணி:
போய்க் கதையுங்கோ தம்பி. வரப்பை விடுங்கோ, புத்தகத்தை மட்டும் கதையுங்கோ.

பாரம்_பதினாறு:
ஒரு தகவலுக்கு: வாரிசு யார் என்றே தெரியாத புத்தகங்களுக்கு இந்தியச் சட்டத்தில் 31ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது, நாளிதழில் அறிவிப்புக் கொடுத்துவிட்டு உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். நான் ஒரு முறை ஒரு 1970-களின் நாவலுக்கு முயன்று பார்க்க நினைத்தேன். நாளிதழ் விளம்பரம், வக்கீல் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் புத்தகம் போடுகிற செலவைவிட அது அதிகம். விட்டுவிட்டேன். அந்த நாவல் இன்றும் எங்கேயும் கிடைப்பதில்லை. உங்களுக்கு ஏழு பேரையும் தெரியும், அதுவே கொடுப்பினை.

காங்கேயம்காளை:
ஏழு கையெழுத்தும் வாங்கியாச்சு. பெரியப்பா மகன் முதலில் 'இதில் எவ்வளவு வரும்' என்றுதான் கேட்டான். ஒன்றும் வராது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, உள்ளே போய் மூக்குக்கண்ணாடி எடுத்து வந்து கையெழுத்துப் போட்டான். கிளம்பும்போது அண்ணி காப்பி கொடுத்தார்கள், வரப்பைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

படிவம் அனுப்பி மூன்று வாரம் ஆயிற்று. இன்னும் திறக்கவில்லை. அதுவரை கையில் இருக்கும் 48 பக்கத்தை எழுத்தாக்கலாம் என்று கூகுள் டிரைவில் போட்டு எழுத்துணரி (ஓசிஆர்) ஓட்டினேன். வசனம் பரவாயில்லை. பாட்டு சீர் பிரிக்காமல் இருப்பதால் ஒரே ரகளை. பழைய லை, ணை, றா வடிவங்கள் வரும் இடமெல்லாம் உளறுகிறது.

பழையதாள்:
78-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்தைய அச்சு எல்லாவற்றிலும் அந்தத் தலைவலி உண்டு. துதிக்கை போட்ட லை-யை அது எதுவாக நினைக்கிறது என்று பார்த்து, மொத்தமாகத் தேடி மாற்றிவிடுங்கள். ஒவ்வொன்றாகத் திருத்தினால் வருடம் ஆகும்.

செவிவாசகன்:
நீங்கள் அனுப்பிய கோப்பைக் கேட்டேன். வசனம் நன்றாகப் புரிகிறது. ஆனால் 41-ஆம் பக்கத்தில் ஒரு இடம் பயமாக இருக்கிறது. 'மிளகு க பலம், சுக்கு உ பலம்' என்று என் திரைவாசிப்பான் படிக்கிறது. அது க, உ எழுத்தா, இல்லை தமிழ் எண்ணா? எண் என்றால் மிளகு ஒன்று, சுக்கு இரண்டு. கண்ணுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், எழுத்துணரிக்கும் அப்படித்தான், எனக்கு மட்டும் வேறு. அளவில் தப்பு வந்தால் மாடு செத்துவிடும்.

காங்கேயம்காளை:
எண்தான் ஐயா. அப்பாவிடம் படத்தைப் பெரிதாக்கிக் காட்டிக் கேட்டேன். ஆனால் அதே பக்கத்தில் கீழே எருக்கம்பால் என்று வரும் இடத்தில் ஒரு குறி இருக்கிறது, அது கால் பலமா, மாகாணியா (பதினாறில் ஒரு பங்கா) என்று அப்பாவுக்கும் தெரியவில்லை. பெரிதாக்கிப் படத்தை இணைத்திருக்கிறேன். பழையதாள் ஐயா, பார்த்துச் சொல்லுங்கள், சொல்லும் வரை அந்த வரியைக் காலியாக விட்டு வைக்கிறேன்.